அக்கா துடைத்த முகம்

அழுக்கு முகத்தைக் கண்டால் அக்காவுக்குக் கை சும்மா இராது. றோட்டில போற பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் போதும், பிடிச்சு இழுத்து, தன்ட சீலைத் தலைப்பாலே துடைச்சு, "போ, இப்பதான் மனிசப் பிள்ளை மாதிரி இருக்கிறாய்" எண்டு முதுகில தட்டித்தான் விடுவா. யாற்ற பிள்ளை, தாய் பாத்துக்கொண்டு நிக்கிறாளோ எண்டெல்லாம் யோசினை இல்லை. ஒருக்கால் சந்தையடியில நிண்ட பொலிஸ்காரன்ட கன்னத்தில கரி இருந்ததைக் கண்டுட்டு அவனுக்குக் கிட்டப் போகப் பாத்தவ. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான். "உங்களுக்கென்ன விசரே?" எண்டு கேட்டன். "கரியோட ஒருத்தன் நிக்க, எப்பிடிப் பிள்ளை பாத்துக்கொண்டு போறது?" எண்டா.

அக்கா எண்டால் கூடப் பிறந்தவ இல்லை. என்னை விடக் கொஞ்ச வயசு மூப்பு, அவ்வளவுதான். சப்பான்காரன் வாறான், வாறான் எண்டு திருகோணமலை முழுக்க ஒரே கதையா இருந்த காலம் அது. துறைமுகம் நிறைய வெள்ளைக்காரன்ட கப்பல். குண்டு விழுந்தால் காயக்காரரைப் பாக்க வைத்திய உதவியாளர் வேணும் எண்டு ஊராக்களை எடுத்துப் பயிற்சி குடுத்தாங்கள். பொம்பிளையளையும் எடுத்தாங்கள். அப்பா செத்த பிறகு தம்பியின்ட உழைப்பில அம்மாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தனாங்கள். அவன் சீனன்குடாவில எண்ணெய்த் தாங்கியடியில வேலை. அவன்ட காசில சாப்பிடுறது எனக்குக் கூச்சமா இருந்தது. அதால நானும் போய்ச் சேந்தன். அங்கதான் அக்காவைக் கண்டது.

அவவின்ட ஊர் கிளிவெட்டி. கலியாணம் செய்து போனது நிலாவெளிக்கு. புருசன் கடலுக்குப் போனவர் உயிரோட திரும்பி வரேல்லை. கரையில ஒதுங்கின உடம்பைக் கண்ட ஆம்பிளையள், அவவைத் தொட விடாம, அவசரம் அவசரமாக் கொண்டுபோய் அடக்கம் செய்துபோட்டாங்கள். இதை ஒருநாள் கட்டுத்துணி சுத்திக்கொண்டு இருக்கேக்க, ஏதோ கறிக்குப் புளி விட்ட கதை மாதிரிச் சொன்னா. "அந்தாளின்ட மூக்குக்குள்ள மண் இருந்தது, பிள்ளை. அதைக்கூட எடுக்க விடேல்லை." சொல்லிட்டு அடுத்த துணியை எடுத்துச் சுத்தத் தொடங்கினா. 

அதுக்குப் பிறகு தமையன் வீட்டில, கிளிவெட்டியில. மச்சாள்காரி போடுற சோத்தோட ஒரு பேச்சும் சேத்துத்தான் போடுவாளாம். "இந்தப் பயிற்சியை நல்லா முடிச்சால், சண்டை முடிஞ்ச பிறகு ஆசுபத்திரியில நிரந்தரமா வேலை தருவினமாம்" எண்டு அக்கா ஒவ்வொருநாளும் சொல்லுவா. அது நடக்காட்டி அந்தச் சோத்துக்குத்தான் திரும்பிப் போகவேணும். எங்கட ஒழுங்கையிலேயே ஒரு அறை எடுத்து இருந்தா. பேருக்குத்தான் அறை. சாப்பாடு, கதை, சிரிப்பு எல்லாம் எங்கட குசினியிலதான்.

அம்மா அவவை விழுந்து விழுந்து கவனிச்சா. "இவள் என்ட வயித்தில பிறந்திருக்க வேண்டியவள்" எண்டு எனக்கு முன்னாலேயே சொல்லுவா. அப்ப நான் ஆர் எண்டு கேட்டால், "நீ கோவக்காரி" எண்டு சிரிப்பா. தம்பிக்கு இவவைப் பகிடி பண்ணாட்டிப் பொழுது போகாது. வேலையால வரேக்க வேணுமெண்டே முகத்தில எண்ணெயை அப்பிக்கொண்டு வருவான். "அக்கா, இஞ்ச பாருங்கோ, என்ட வடிவை!" எண்டு முகத்தை நீட்டுவான். அவ சவுக்காரத்தைப் போட்டு அவன்ட கன்னம் சிவக்கச் சிவக்க உரஞ்சுவா. அவன் ஐயோ ஐயோ எண்டு கத்துவான். அம்மா அடுப்படியில நிண்டு சிரிப்பா. முகத்தைக் கழுவினாப்போல விடமாட்டா. மடியில ஒரு சின்னத் தகரப்பெட்டி, அதுக்குள்ள திருநீறு. நெத்தியில ஒரு பூச்சு. அப்பதான் அவவுக்கு வேலை முடிஞ்ச மாதிரி.

எங்களுக்குப் படிப்பிச்சவர் ஒரு அப்போதிக்கரி ஐயா, டொக்டருக்கு அடுத்தபடியா வைத்தியம் பாக்கிறவர். ஆசுபத்திரி வேலையை விட்டு ஓய்ஞ்சு இருந்தவரை சண்டைக்காகத் திருப்பிக் கூப்பிட்டிருந்தாங்கள். கெட்டிக்காரன், ஆனால் வாய் பொல்லாத வாய். முறிவுக்கு மட்டை வைச்சுக் கட்டுறது, ரத்தம் நிக்க இறுக்கிக் கட்டுறது, ஸ்ட்ரெச்சர் தூக்கிறது எல்லாம் அவர்தான் காட்டித் தந்தவர். ஒருநாள் ஒரு பென்சிலை எடுத்துக் காட்டினார். எச்சில் தொட்டு எழுதினால் ஊதா நிறத்தில பிடிக்கிற பென்சில்.

"நோவை அடக்கிற மோர்பியா ஊசி போட்ட ஆளுக்கு நெத்தியில எம் எண்ட இங்கிலிஸ் எழுத்தைப் பெரிசா எழுதிவிட வேணும். அங்கால ஆசுபத்திரியில இருக்கிற டொக்டர் அதைப் பாத்துத்தான் ஊசி போட்டாச்சு எண்டு அறிவார். எழுத்து இல்லாட்டி இன்னொருக்கால் போடுவார். ரெண்டாம் ஊசியோட மூச்சு நிண்டுபோம். விளங்கிச்சோ?"

எல்லாரும் ஓம் எண்டம். அக்கா மட்டும் எழும்பினா.

"ஐயா, நெத்தியிலயோ எழுதுறது? கையில எழுதினால் என்ன?"

"ஏன், நெத்திக்கு என்ன?"

"எங்கட சனம் திருநீறு பூசிற இடமல்லோ."

வகுப்பு முழுக்கக் கெக்கட்டம் விட்டுச் சிரிச்சுது. ஐயாவுக்கு முகம் கறுத்துப்போச்சு. "இங்கிலாந்தில நெத்தியிலதான் எழுதுறது. உனக்காக அவங்கள் மாத்தமாட்டாங்கள். இரு கீழ!" எண்டார். இண்டைக்கு நினைச்சால் எனக்கு அந்தச் சிரிப்பிலதான் முதல் எரிச்சல் வரும். அவ கேட்டதில என்ன பிழை? இங்கிலாந்துக்காரன் நெத்தியில ஒண்டும் பூசிறேல்லை, அவனுக்கு அது வெறும் இடம். எங்களுக்கு அப்பிடியோ? கையில எழுதியிருந்தால் ஒரு குடும்பம் தப்பியிருக்கும். ஆனால் அண்டைக்கு நானும் சேந்துதான் சிரிச்சனான், மறைக்கிறதுக்கு என்ன கிடக்கு.

பிறகு ஒருநாள் ஒத்திகை வைச்சாங்கள். குண்டு விழுந்த மாதிரி நடிப்பு. நான் காயக்காரி. பள்ளிக்கூட விறாந்தையில படுத்துக் கிடந்தன். என்ட நெத்தியிலயும் ஐயா எம் போட்டுவிட்டார். ஸ்ட்ரெச்சர் வர முந்தியே அக்கா ஈரத்துணியோட வந்து, "சீ, குமர்ப்பிள்ளையின்ட முகத்தில என்ன இது" எண்டு முணுமுணுத்துக்கொண்டு உரஞ்சி அழிச்சுப்போட்டா. ஐயா திரும்பி வந்து பாத்தார். எழுத்தைக் காணேல்லை. ஊர் கேக்கக் கத்தினார்.

"ஆர் இதை அழிச்சது? நீயோ? உண்மையில நடக்கேக்க இதைச் செய்தியெண்டால் ஒருத்தனைக் கொன்றுபோடுவாய், தெரியுமோ? இன்னொரு பிழை விட்டால் வேலை உடுப்பைக் கழட்டித் தந்துட்டுக் கிளிவெட்டிக்கு நடக்க வேண்டியதுதான்!"

அக்கா வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் அழுதவ. "சத்தியமா இனி இல்லைப் பிள்ளை. கை என்னைக் கேளாமப் போகுது" எண்டா. நான் பகிடியா, "அப்ப கையைக் கட்டிப்போட்டு வேலைக்கு வாங்கோவன்" எண்டன். அழுத கண்ணோட சிரிச்சா.

நல்லதையும் சொல்லவேணும், இல்லாட்டி எனக்குத்தான் பாவம். அவ கைபட்ட காயக்காரருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. துறைமுகத்தில சங்கிலியில கை நசிஞ்சு வந்த ஒரு கூலிக்காரன், ஆளையே கிட்ட விடாமக் கத்திக்கொண்டு கிடந்தான். அக்கா கையைப் பாக்கவேயில்லை. முகத்தைத்தான் துடைச்சா. "எந்த ஊர் தம்பி? கட்டைபறிச்சானோ? அங்கால என்ட பெரியம்மா இருக்கிறா" எண்டு கதை குடுத்துக் கதை குடுத்து, கண், மூக்கு, தாடை எல்லாம் துடைச்சு முடிய, அவன் அடங்கிக் கையை நீட்டினான். ஐயா தூரத்தில நிண்டு, "ரத்தம் போகுது, உவ சோடிச்சுக்கொண்டு இருக்கிறா" எண்டு பேசினார். அவ காதிலயே போடேல்லை. "முகத்தைத் துடைச்சால் பாதி வருத்தம் போயிடும் பிள்ளை" எண்டுறதுதான் அவவின்ட ஒரே படிப்பு. அந்தப் படிப்பை எந்த ஐயாவாலும் மாத்தேலாது.

குண்டு விழுந்தது ஒரு காலமை. அம்மா இடியப்பம் அவிச்சுக்கொண்டு இருந்தவ. குண்டு வருது எண்டு ஊதின சங்குச் சத்தம் கேட்டு நாங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினம். அங்கதான் எங்கட முதலுதவி நிலையம். துறைமுகப் பக்கம் கறுப்பாப் புகை. சீனன்குடாப் பக்கம் அதைவிடப் புகை.  தம்பி அங்கயல்லோ. ஆனால் லொறி லொறியாக் காயக்காரர் வரத் தொடங்க, நினைக்கிறதுக்கும் நேரமில்லை. என்னைப் பின் அறையில நெருப்புச் சுட்ட ஆக்களோட விட்டார் ஐயா. அக்கா முன் விறாந்தையில.

ஆரோ வந்து, "உன்ட தம்பி முன்னால கிடக்கிறான்" எண்டான். ஓடினன். கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழ நசிஞ்சு, கட்டுப் போட்டிருந்தது. ஆனால் முகம் பளிச்செண்டு இருந்தது. நெத்தியில திருநீறு. பக்கத்தில அக்கா ஈரத்துணியோட குந்தியிருக்கிறா. அவவுக்கு அங்கால அம்மா! ஒழுங்கையால ஓடி வந்து, மூச்சு வாங்க நிக்கிறா. தம்பி கண் சொருகச் சொருகச் சிரிச்சான். "அம்மா, எனக்கு நோகேல்லை" எண்டான். அம்மா அவன்ட கன்னத்தைத் தடவினா. அந்த முகத்தில புகையும் ரத்தமும் கிடந்திருந்தால் அம்மா அதிலேயே விழுந்திருப்பா. அதுக்காக எனக்கு அந்த நேரம் அக்காவைக் கும்பிடவேணும் போல இருந்தது. ஐயா காலை மட்டும் எட்டிப் பாத்து, "கால் போகும், ஆள் தப்புவான். ஏத்துங்கோ" எண்டு சொல்லிட்டு அடுத்த ஆளிட்டப் போயிட்டார்.

நீயும் அங்க நிண்டனிதானே, உனக்குத் தெரியாதோ எண்டு கேப்பியள். அவனுக்கு ஊசி போட்டதை நான் காணேல்லை. எழுதினதையும் காணேல்லை. நான் வந்து பாக்கேக்க நெத்தியில திருநீறுதான் இருந்தது. லொறியில ஏத்திக் கண்டி றோட்டுப் பக்கம் கிடுகுக் கொட்டில் போட்டு வைச்சிருந்த ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாங்கள். அம்மா அந்த லொறி மறையும் வரைக்கும் கைகூப்பிக்கொண்டு நிண்டா.

பொழுது சாய முந்திச் செய்தி வந்தது. தம்பி நித்திரையிலேயே செத்துப்போனானாம்.

காலில காயம் பட்டவன் எப்பிடி நித்திரையில போவான்? நான் அந்தக் கொட்டிலுக்குப் போனன். அங்க காயத்துக்கு மருந்து கட்டுற டிரெஸ்ஸர் ஒருத்தர், களைச்சு விழுந்துபோய் இருந்த மனிசன், ஒளிக்காமச் சொன்னார். "இஞ்ச வரேக்க முனகிக்கொண்டு இருந்தான், தங்கச்சி. நெத்தியில ஒரு எழுத்தும் இல்லை, திருநீறுதான். டொக்டர் ஊசி போட்டார். பிறகு மூச்சு மெல்ல மெல்லக் குறைஞ்சுது. என்ன செய்தும் ஏலாமப் போச்சு."

 அந்த டிரெஸ்ஸர் தண்ணி கொண்டு வந்து தந்தார். வாங்கிக் கீழ வைச்சிட்டு வெளிக்கிட்டன்.

செத்தவீட்டில அம்மா அழுத அழுகையில ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. வாறவை போறவை எல்லாருக்கும் அதைத்தான் சொன்னா. "என்ட பிள்ளை சாமி மாதிரிக் கிடந்தான். அந்தப் பிள்ளை முகம் துடைச்சு, திருநீறு பூசி விட்டிருந்தது. அம்மா, நோகேல்லை எண்டு சிரிச்சவன். அவளை நான் ஏழு பிறப்புக்கும் மறக்கமாட்டன்." ஒவ்வொருக்காலும் இதைக் கேக்கேக்க நான் எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவன். அக்காவைத் தேடினன். காணேல்லை. அடுத்த குண்டுக்குப் பயந்து சனம் முழுக்க ஊரை விட்டு ஓடிக்கொண்டு இருந்தது. அவவும் அறையைப் பூட்டாமலே கிளிவெட்டிக்குப் போயிட்டாவாம்.

அம்மா விடேல்லை. "அந்தப் பிள்ளை என்ன கஷ்டப்படுதோ. போய்க் கூட்டிக்கொண்டு வா. இனி எங்களோட இருக்கட்டும். எனக்கு அவளும் ஒரு பிள்ளை." காலமை எழும்பினால் இதே கதை. கடைசியில போனன். கூட்டிக்கொண்டு வரப் போகேல்லை. மூஞ்சையில காறித் துப்பப் போனன்.

மூதூருக்கு லாஞ்சிப் படகு, அங்கால மாட்டு வண்டில். கிளிவெட்டியில அவ வயலுக்குள்ள புல்லுப் பிடுங்கிக்கொண்டு நிண்டா. என்னைக் கண்டதும் வரம்பில ஏறி வந்து நிண்டா. கையெல்லாம் சேறு. நான் வாய் திறக்க முந்தி அவ சொன்னா.

"ஓம், நான்தான் அழிச்சனான்."

"தெரியாமலோ?"

"அம்மா ஓடி வாறதைக் கண்டன். அவன்ட முகம் பாக்கேலாமல் இருந்தது. துடைக்க வேணும் எண்டுதான் இருந்தது. எழுத்து ஞாபகத்தில வரேல்லை."

அதை நான் தாங்கியிருப்பன். சத்தியமாச் சொல்லுறன், அந்தக் கையை எனக்குத் தெரியும், அதை நான் மன்னிச்சிருப்பன். ஆனால் ஒரு கேள்வி கேக்காமல் இருக்க முடியேல்லை.

"எப்ப ஞாபகம் வந்தது?"

அவ என்னைப் பாக்கேல்லை.

"லொறி வாசலைத் தாண்டேக்க."

"ஐயா எங்க நிண்டவர்?"

"பக்கத்தில."

"பள்ளிக்கூடத்துக்குள்ள ரெலிபோன் இருந்ததுதானே?"

"இருந்தது."

"பிறகு? வாயில என்ன, கொழுக்கட்டையோ?"

"சொன்னால் ஐயா உடுப்பைக் கழட்டு எண்டிருப்பார், பிள்ளை. திரும்பி இஞ்ச, இவளின்ட சோத்துக்கு..." எண்டு தொடங்கி நிண்டுட்டா. பிறகு, "அங்க ஊசி போடமாட்டாங்கள் எண்டு நினைச்சன். போடக்கூடாது எண்டு கோணேசருக்கு நேந்துகொண்டனான்" எண்டா.

நேந்தவவாம்! கடவுளுக்குச் சொல்ல வந்த வாய் பக்கத்தில நிண்ட மனிசனுக்குச் சொல்ல வரேல்லை. ஒரு சொல்லு. 'ஐயா, நான் அழிச்சுப்போட்டன்.' அதைச் சொல்லியிருந்தால் என்ட தம்பி ஒற்றைக் காலோட எங்கட குசினியில இருந்து பகிடி விட்டுக்கொண்டு இருப்பான். தன்ட வேலையைக் காப்பாத்த நினைச்சா. அந்த வேலையையும் காப்பாத்தேல்லை. இப்ப பார், அதே வயல், அதே மச்சாள்.

நான் அடிக்கேல்லை. துப்பவுமில்லை. அந்தளவு தூரம் போயும் கை எழும்பேல்லை.

"அம்மாவுக்குச் சொல்லிப்போட்டியோ?" எண்டு கேட்டா.

"இல்லை."

"அப்ப நான் வாறன். வந்து அம்மாவின்ட காலில விழுந்து நானே சொல்லுறன். இதை வைச்சுக்கொண்டு என்னால சோறு தின்ன ஏலாமல் கிடக்கு."

அப்பதான் எனக்கு உண்மையான கோவம் வந்தது. "இப்ப வாய் வருதோ? அண்டைக்கு வராத வாய் இப்ப எதுக்கு? அவன் சிரிச்ச அந்த முகம் ஒண்டுதான் அம்மாவிட்ட மிச்சம் கிடக்கு. அதையும் வந்து அழிக்கப் போறியளோ? எங்கட படலைக்குள்ள காலடி வைக்கப்படாது. ஒரு கடதாசிகூடப் போடப்படாது. அம்மா இருக்கும் மட்டும் திருகோணமலைப் பக்கம் உங்களைக் காணக்கூடாது. உங்கட பாரத்தை நீங்களே சுமவுங்கோ."

தலையை ஆட்டினா. நான் வண்டிலில ஏறி இருந்து திரும்பிப் பாக்கேக்கயும் வரம்பிலதான் நிண்டா. அதுதான் நான் அவவைக் கடைசியாக் கண்டது. பிறகு எங்கயோ வெருகல் பக்கம் போய்ச் சொந்தக்காரரோட இருந்தாவாம் எண்டு கேள்விப்பட்டன். தேடிப் போகேல்லை.

அம்மா படலையடியில நிண்டவ. நான் தனிய வந்ததைக் கண்டதும் முகம் விழுந்துபோச்சு.

"எங்க பிள்ளை?"

"வரமாட்டாவாம்."

"அவள் அப்பிடிச் சொல்லமாட்டாள். நீ என்ன சொன்னனி?"

நான் உள்ளுக்குப் போனன். அம்மா பின்னாலேயே வந்தா. "எனக்குத் தெரியும். தம்பி அவளோட சிரிச்சது உனக்குப் பிடிக்கேல்லை. நான் அவளைப் பிள்ளை எண்டதும் உனக்குப் பொறுக்கேல்லை. நீதான் கலைச்சுப்போட்டு வந்திருக்கிறாய்."  என்னத்தைச் சொல்லுறது? உண்மையில நான்தானே கலைச்சனான்.

சண்டை முடிய ஆசுபத்திரியில நிரந்தர வேலை தந்தாங்கள், அக்கா கனவு கண்ட அதே வேலை. எனக்குத்தான் கிடைச்சுது. வருசக்கணக்காச் செய்தன். எத்தினையோ பேருக்குக் கட்டுப் போட்டன், ஊசிக்குக் கை பிடிச்சன். வீட்டுக்கு வந்தால் அம்மா வேண்டிய சொல்லுக்கு மேல என்னோட கதைக்கிறேல்லை. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேர், சோறு போடுறதும் வாங்கிறதும்தான்.

கடைசி நாளையில அம்மாவுக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கும். நான்தான் பருக்கிறது. ஒருநாள் எங்கட சொந்தக்காரி ஒருத்தி பாக்க வந்தவ. "உங்களுக்கென்ன மாமி, பெத்த மகள் தாய் மாதிரிப் பாக்கிறாள்" எண்டா. அம்மா மூச்சு வாங்க வாங்கச் சொன்னா:

"எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். நல்லவளை இவள் பொறாமையில கலைச்சுப்போட்டாள்."

வந்தவ திகைச்சுப்போய் என்னைப் பாத்தா. அம்மாவும் பாத்துக்கொண்டுதான் இருந்தா, நான் மறுத்துச் சொல்லுவன் எண்டு.

"ஓம் அம்மா, நான்தான் கலைச்சனான். வாயைத் திறவுங்கோ" எண்டு சொல்லிக் கஞ்சியைப் பருக்கினன்.